தூரிகை பேசட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கே: தஞ்சாவூர் ஓவியம் பழகுகிறேன். மக்கு வேலை (சுண்ணாம்புக்கல் தூளான சுக்கானைக் கோந்தில் குழைத்து மேடாக எழுப்புவது) காய்ந்ததும் விரிசல் விடுகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, திருவையாறு

ப: பெரும்பாலும் அவசரம்தான். சுக்கான் தூளில் கோந்து கூடினால் மக்கு சுருங்கி வெடிக்கும், குறைந்தால் உதிரும். குச்சியில் எடுத்தால் வடியாமல் நிற்கும் பதம் வேண்டும். மாலை, கிரீடம் போன்ற மேடான இடங்களை ஒரே பூச்சில் எழுப்பாதீர்கள். மெல்லிசாக வைத்து, நிழலில் நன்கு காய்ந்தபிறகே அடுத்த பூச்சு. வெயிலில் வைத்தால் மேல்பகுதி இறுகிவிடும், உள்ளே ஈரம் தங்கிவிடும், பிளப்பது அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடுதலாக ஓரிரு நாள் விடுங்கள். ஈரம் போகும் முன் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டினால் உப்பிக்கொண்டு உரியும்.

கே: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவியம்தான் படிப்பேன் என்கிறான். சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா?
– ஒரு தந்தை, மன்னார்குடி

ப: எதற்கு? கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.ஏ. (இளங்கலை கவின் கலைப் பட்டம்) 4 ஆண்டுப் படிப்பு. போட்டோவைப் பார்த்து வரைவதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அதில் பழகிய கைக்கு ஒளி, நிழல் பிடிபடாது. குடம், செம்பு, வாழைப்பழச் சீப்பை ஜன்னலோரம் வைத்துத் தினமும் பென்சிலில் வரையட்டும்.

கே: வளரும் ஓவியர்களுக்கு எப்படி உதவலாம்?
– ஆசிரியர், மயிலாடுதுறை

ப: கைதட்டலோடு காசும் கொடுங்கள். தஞ்சாவூர்ப் படம் வரையச் சொல்லும்போதே பலகை, பதிக்கும் கல், ரேக்குக்கான செலவை முன்பணமாகத் தந்துவிடுங்கள். கையில் முதல் இல்லாதவர்தான் போலி ரேக்குக்குப் போகிறார். அது நாளடைவில் கறுத்துவிடும். பேரம் பேசுமுன் 22 காரட் ரேக்கின் அன்றைய விலையை விசாரியுங்கள், பேரம் பேச வாய் வராது.