டீபக் (debug) மெசேஜைத் திருத்தினால் வேலை கிடைக்குமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பி.இ. மூன்றாம் ஆண்டில் இருக்கும் மகன் கேம்பஸுக்குத் தயாராகாமல், ராத்திரியெல்லாம் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலில், கோளாறைக் கண்டுபிடிக்க யாரோ எழுதிய டீபக் மெசேஜைத் திருத்திக்கொண்டிருக்கிறான், பைசா வரவில்லை என்கிறீர்கள். திட்டாதீர்கள். எதைத் திருத்துகிறான் என்று முதலில் கேளுங்கள்.

கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் டிரைவர் புரோகிராமில் கோளாறு வந்தால், அதன் எந்தப் பகுதியில் (ஃபங்ஷனில்) என்று, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாகில் ஒரு வரி விழும். சிலர் அந்தப் பெயரை மெசேஜுக்குள் கையாலேயே எழுதிவைத்திருப்பார்கள். பிறகு ஒருவர் ஃபங்ஷனின் பெயரை மாற்றுவார். மெசேஜில் பழைய பெயரே கிடக்கும். நடுராத்திரி சர்வர் படுத்து, லாகைத் திறப்பவர் கோடில் இல்லாத பெயரைத் தேடி அலைவார். இதைச் சரிசெய்தால் உருப்படியான வேலைதான்.

இடைவெளி, முற்றுப்புள்ளி சமாச்சாரம் வேறு. கோடு எழுதும் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் காட்டுகிற எச்சரிக்கையையெல்லாம் பேட்ச் (திருத்தம்) ஆக்கி அனுப்பினால், அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் அத்தனையையும் படித்தாக வேண்டும். நிஜமான பக் திருத்தத்தைப் பழைய ஸ்டேபிள் பதிப்புக்குக் கொண்டுபோகும்போது, பக்கத்து வரி மாறிப்போனதால் அது ஒட்டாது. எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் கிட் பிளேமில் பார்த்தால் அந்த வரியை எழுதியவர் பெயர் போய், இடைவெளி மாற்றிய உங்கள் பிள்ளை பெயர் நிற்கும். ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்டில், அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்கிற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவர்கள் படுத்திய பாட்டில், நிகழ்ச்சி நடக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று!

பழக ஓர் இடம் உண்டு: கெர்னலின் ஸ்டேஜிங் பகுதி. அரைகுறை டிரைவர்களைச் சுத்தம் செய்யவே 2008 முதல் இருக்கிறது. நாலைந்து பேட்ச் அங்கே போடட்டும். காரணத்தை, திருத்தத்தோடு போகும் கமிட் மெசேஜில் எழுதுவது, ரிவ்யூவில் குட்டு வாங்கி இரண்டாம் பதிப்பு அனுப்புவது, இதையெல்லாம் நம் கல்லூரி லேபில் யாரும் சொல்லித்தருவதில்லை. பிறகு தன் லேப்டாப்பிலேயே மக்கர் பண்ணும் ஒரு டிரைவரைப் பிடிக்கட்டும்.

ரெஸ்யூமேயில் பேட்ச் கணக்கைப் போட வேண்டாம். ஒயிட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனியில் இன்டர்வியூ எடுப்பவர், யார் எதை மாற்றினார் என்ற வரலாறான கிட் லாகில் பெயரைத் தட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். வெறும் இடைவெளித் திருத்தமாக இருந்தால் இருக்கிற மதிப்பும் போகும். விவாதம் நடந்து ஏற்கப்பட்ட ஒரே பேட்ச் இருந்தாலும் அரைமணி நேரம் பேசலாம்.

இன்று அவனுடைய பேட்ச் ஒன்றைக் காட்டச் சொல்லி, "இது யாருக்கு உதவும்ப்பா?" என்று கேளுங்கள். "செக்பேட்ச் சொன்னது" என்றால், வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் கெர்னலுக்குக் கொடுங்கள். கேம்பஸில் முதல் ரவுண்டு ஆப்டிட்யூட் டெஸ்ட்தான். மற்ற ராத்திரிகள் அதற்கு.