லேசர் அணுக்கரு இணைவுக்கான நுரை எரிபொருள் குண்டுகள்

லேசரால் அழுத்தி அணுக்கருக்களை இணையவைக்கும் சிறு எரிபொருள் உருண்டைகளையே இங்கே குண்டுகள் என்கிறோம். பனியாக உறைந்த எரிபொருள் இருக்கும்போது நுரைக் குண்டு எதற்கு, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் திருப்பித் தந்த குண்டைப் போன்றவற்றில், டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளின் பனிப்படலம் சீராகப் படியவே பல நாட்கள் ஆகும். மின்நிலையத்துக்கோ நொடிக்குப் பல குண்டுகள் வேண்டும். நுரையோ, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல், அந்த எரிபொருளைத் திரவமாகவே தன் நுண்துளைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது.

செய்முறையில் மிகக் கடினமான கட்டம் உலர்த்துவதுதான். எண்ணெய்த் துளியைச் சுற்றி ரெசார்சினால்–ஃபார்மால்டிஹைடு என்ற பிசினின் கரைசலை ஓடாக்கி, அது ஜெல்லாக இறுகியபின் சாதாரணமாக உலரவிட்டால், ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசை மெல்லிய நுரைச் சுவர்களை நொறுக்கிவிடும். ஆகவே உள்ளிருக்கும் கரைப்பானுக்குப் பதிலாகத் திரவ கார்பன் டைஆக்சைடை நிரப்பி, 31 டிகிரி செல்சியசுக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுசென்று, திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே எல்லையே தோன்றாதபடி அதை வெளியேற்றுகிறார்கள். லேசர் முப்பரிமாண அச்சுமுறையில் துளைகளின் அமைப்பை இன்னும் துல்லியமாக வகுக்கலாம். ஆனால் அதன் வேகம் கூடியாக வேண்டும்.