பேகனுக்கு ஒரு பைலா

கேள்வி: மேலைநாடுகளில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வணங்கும் நவீன பேகன் குழுக்களில் ஓயாத உட்பூசலாம். சண்டை இல்லாத நாளில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லையாம். ஒழுங்காக ஒரு பைலா (சங்க விதித்தொகுப்பு) எழுதிக்கொண்டால் தீராதா? (நான் கூட்டுறவு சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.)
– ஒரு வாசகர், பழனி

பதில்: பழனியில் உட்கார்ந்துகொண்டு பேகன் என்று எழுதினால் எனக்கு வேறு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். உங்கள் மலைப்பக்கத்தை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன். (எங்கள் பிழைதிருத்துபவர் உங்கள் பேகனைப் 'பாகன்' ஆக்கி அனுப்பியிருந்தார். யானை வருவதற்குள் மீட்டுவிட்டேன். 'சிகரெட்'டை அவர் 'வெண்சுருட்டு' ஆக்கிய நாளிலிருந்தே எங்களுக்குள் சுமுகம் இல்லை.)

மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வை கொடுத்தவன் பேகன். அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தராதது, அதே ஆள் மனைவி கண்ணகியை (மதுரையை எரித்தவர் அல்ல, இவர் வேறு) அழவிட்டு வேறொருத்தியோடு இருந்தான் என்பது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் படையெடுத்தார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை இந்தப் பஞ்சாயத்துதான். பரணர் பச்சையாகவே கேட்கிறார்: பசித்து வரவில்லை, காப்பாற்றக் குடும்பமும் இல்லை, இன்று ராத்திரியே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசு. தனக்கென்று பொன்னாடைகூடக் கேட்காத எழுத்தாளரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

சரி, உங்கள் பேகன்களுக்கு வருவோம். விக்கா என்ற சூனியக்கார மதத்தை 1950-களில் இங்கிலாந்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்டனர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. ஓய்வு பெற்ற அதிகாரிக்குப் பொழுது போகாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்கெட் வுட் என்ற ஊரில் நிர்வாணச் சங்கத்து இடத்தில் இவர் குழு கூடும். பூசையும் அதே கோலத்தில்தான். இங்கிலாந்துக் குளிரில், மயிலுக்குக் கிடைத்த போர்வைகூட இல்லாமல்!

குழுவின் தலைமைப் பூசாரி டோரீன் வாலியன்டே என்ற அம்மாள். வழிபாட்டு வரிகளில் பலவற்றைத் திருத்தி எழுதிக் கொடுத்தவர். ரகசிய மதம்; ஆனால் கார்டனருக்கோ நிருபர்களைக் கண்டால் வாய் நிற்காது. 1957-ல் இந்த அம்மாளும் சிலரும் உங்களைப் போலவே யோசித்து, விதிகள் எழுதி நீட்டினார்கள். புதிதாக எதற்கு, நம்மிடம் பழைய சட்டங்களே இருக்கின்றனவே என்று கார்டனர் ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். அதுவரை ஒருத்தர் கண்ணிலும் படாத பழமை. நடையும் வலிந்து பழசாக்கிய நடை. அதில் ஒரு ஷரத்து, தலைமைப் பூசாரியானவள் காலம் வந்ததும் இளையவளுக்கு மனமுவந்து இடம்விட வேண்டும் என்றது. அம்மாளுக்கு அப்போது வயது 35. கார்டனருக்கு 73. அம்மாள் தன் ஆட்களோடு கிளம்பிவிட்டார். சமாதானம் பேசப் பரணர் அங்கே இல்லை.

சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் கிடைக்கும் சுவடியை நம்பாதீர்கள் என்று நான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் முதல் மரியாதைத் தகராறு முற்றியபோது பாண்டியர் காலத்துச் செப்பேடு ஒன்று கிடைத்தது. அதில் 'தாலுகா' என்ற சொல் இருந்தது.

அமெரிக்கக்காரர்கள் நேர்மையானவர்கள், புதிதாகவே எழுதினார்கள். விக்கா குழுக்களைச் சேர்த்து ஒரு கவுன்சில் அமைத்து, 1974 ஏப்ரலில் மினியாபொலிஸில் 13 கொள்கைகளை நிறைவேற்றினார்கள். அதே வருஷம் கவுன்சில் கலைந்துபோனது. உங்கள் கட்சிக்குச் சாதகமான உதாரணம் ஐஸ்லாந்து. அங்கே பழைய நார்ஸ் தெய்வங்களை வணங்க 1972-ல் தொடங்கிய ஆசாத்ரு சங்கத்தில் பூசல் வந்து, 2002-ல் தலைமைப் பூசாரியையே இறக்கினார்கள். சங்கம் கலைந்துபோகவில்லை. பதிவான மதம் என்பதால் உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தருகிறது. கோபித்துக்கொண்டு போகிறவனும் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

ஆள் வராதது தனிக் கதை. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கில் பேகன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் 2011-ல் சுமார் 57,000. 2021-ல் சுமார் 74,000. ஆள் பெருகத்தான் செய்கிறது. பலர் வீட்டிலேயே தனியாக மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டு முடித்துக்கொள்கிறார்கள். பௌர்ணமிக்குத் தேன்மது படைக்கக் கூட்டம் வரும், கோப்பை கழுவ அதே நாலு பேர். எங்கள் வாசகர் வட்டத்தின் பெயரில் ஒற்று 'ச்' வருமா வராதா என்று இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்ட ராத்திரி, நாற்காலி மடக்கியது டீ கொண்டுவந்த பையன்.

அதனால் பைலாவை விடுங்கள், வேறொன்று சொல்லுங்கள். உங்கள் சங்கப் பேரவைக் கூட்டத்துக்கு எவர்சில்வர் டப்பா கொடுப்பீர்களே, அதைக் கூட்டத்துக்கு முன்னால் கொடுத்தீர்களா, பின்னாலா? எழுதி அனுப்புங்கள். கவர்மேல் பேகன் என்று மட்டும் போடாதீர்கள். எங்கள் ஆள் அதை வனத்துறைக்கு அனுப்பிவிடுவார்.