முகம் தெரியாத மைனருக்குப் பயந்து பிட்காயினை விற்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. அக்கா மகன் பேச்சைக் கேட்டு மூன்று வருடத்துக்கு முன்பு ரூ.2,40,000-க்கு பிட்காயின் வாங்கினேன். இப்போது ரூ.4,10,000 காட்டுகிறது. அப்புறம் ஒரு சின்ன நாணயத்தில் ரூ.90,000 போட்டேன், அது ரூ.38,000-க்கு இறங்கிவிட்டது. இரண்டும் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் ஆப்பில்தான் இருக்கின்றன. போன வாரம் அவனே வந்து, “மாமா, யாரென்றே தெரியாத ஒரு மைனர் அந்தச் சின்ன நாணயத்தின் மைனிங்கில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டானாம். நாளைக்கு பிட்காயினுக்கும் இதே கதிதான். ராத்திரியோடு ராத்திரியாக எல்லார் காசையும் உருவிவிடுவான்” என்கிறான். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், “அந்த மைனரோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, ஏற்காட்டில் எஸ்டேட் குடோனில் மிஷின் போடுகிறோம், 2 லட்சம் கொடுத்தால் மாதம் 8 சதவீதம்” என்கிறார். ரூ.20,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். பட்டறைக்கு வெள்ளி வாங்க வைத்த நகைக்கடன் ரூ.1,50,000 ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் விற்று அந்த மைனிங்கில் போடலாமா?

பதில்: போட வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மருமகன் சொன்னதில் எது உண்மை, எது பீதி என்று பிரித்துவிடுவோம்.

பிட்காயினில் நடக்கும் கொடுக்கல் வாங்கலையெல்லாம் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிளாக்காகக் கட்டிப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்கும் உரிமைக்காக உலகம் முழுவதும் மைனர்கள் கணினிகளை ஓடவிட்டுப் போட்டி போடுகிறார்கள், இதுதான் மைனிங். ஜெயித்தவருக்கு 3.125 புது பிட்காயின். 2024 ஏப்ரலில் இருந்து இதுதான் பரிசு. மொத்தக் கணினி பலத்தில் பாதிக்கு மேல் ஒரே கையில் போனால் என்ன ஆகும்? அவர் ஒருவருக்கு நாணயத்தைக் கொடுத்துப் பணமோ சரக்கோ வாங்கிக்கொள்வார். அதே நேரத்தில், அந்தக் கொடுக்கல் நடக்கவே இல்லை என்கிற மாதிரி இன்னொரு பதிவேட்டை ரகசியமாக நீட்டிக்கொண்டே போய், அது நீளமானதும் வெளியே விடுவார். நீளமானதைத்தான் எல்லாரும் ஏற்பார்கள். கொடுத்த நாணயம் அவரிடமே திரும்பி வந்துவிடும். பிடிக்காத ஒருவரின் பரிவர்த்தனைகளைப் பதிவேட்டில் ஏற்றாமல் தடுக்கவும் அவரால் முடியும்.

அவரால் முடிவது இவ்வளவுதான். உங்கள் நாணயம் நகர வேண்டுமென்றால் அதற்குரிய ரகசியச் சாவியின் (ஒரு நீண்ட ரகசிய எண்) கையொப்பம் வேண்டும். எவ்வளவு பலம் இருந்தாலும் மைனரால் அதைப் போலியாகப் போட முடியாது. 2.1 கோடி என்ற உச்சவரம்பைத் தாண்டிப் புது நாணயம் அடிக்கவும் முடியாது. அப்படி ஒரு பிளாக் வந்தால் மற்றவர்களின் கணினிகள் அதைத் தள்ளிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரே வியாபாரி பாதிச் சரக்கை மடக்கினால் மார்க்கெட்டை ஆட்டி வைக்கலாம், ஆனால் உங்கள் வீட்டு பீரோவைத் திறக்க முடியாது அல்லவா? அந்த மாதிரிதான். “எல்லார் காசையும் உருவிவிடுவான்” என்பது தவறு. நேரடியாக அடிபடுகிறவர், பெரிய தொகையை வாங்கிக்கொண்டு அவசரமாகப் பணம் கொடுத்துவிடுகிறவர். பெரும்பாலும் அது எக்ஸ்சேஞ்ச்.

‘முகம் தெரியாத’ என்பதையும் பார்ப்போம், பீதியே அதில்தான் கிளம்புகிறது. பிட்காயினைத் தொடங்கிய சதோஷி நகமோட்டோவே இன்று வரை யாரென்று தெரியாதவர். 2009 தொடக்கத்தில் கிட்டத்தட்ட தனியாளாக ஓட்டியவர். தொடக்க கால பிளாக்குகளில் ஒரே மைனரின் தடத்தை செர்ஜியோ லெர்னர் என்ற ஆய்வாளர் 2013-ல் கண்டுபிடித்தார். அந்த ஒருவர் எடுத்தது சுமார் 10 லட்சம் நாணயம் என்பது கணக்கு. 2012-லும் ஒரு மர்ம மைனர் முளைத்தார். பரிசுத் தொகையைத் தவிர ஒரு பரிவர்த்தனைகூட இல்லாத காலி பிளாக்குகளாக எழுதித் தள்ளினார். வைரஸ் புகுந்த கணினிகளின் கூட்டம் என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். பிட்காயின் தொடர்ந்து ஓடத்தான் செய்தது.

மைனிங்கில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டி இணையத்தில் வரும் வட்டப் படங்களில் ‘தெரியாதவர்’ என்று ஒரு துண்டு இருக்கும். உங்கள் மருமகன் பார்த்தது அதுவாக இருக்கலாம். பல மைனர்கள் தங்கள் மிஷின்களை ஒன்றாக இணைத்து ஓட்டும் கூட்டங்களான மைனிங் பூல்கள், தாங்கள் எழுதும் பிளாக்கில் தங்கள் பெயர்க் குறியைப் போட்டுவிடும். குறி இல்லாத பிளாக்குகளை எல்லாம் அந்தத் துண்டில் கொட்டிவிடுவார்கள். அதற்குள் ஒருவரும் இருக்கலாம், ஐம்பது பேரும் இருக்கலாம். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், பெயர் தெரிந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 2014 ஜூனில் ஜிஹேஷ் என்ற பூல் சிறிது நேரத்துக்குப் பாதியைத் தாண்டியது. அதில் மிஷின் இணைத்திருந்தவர்கள் பலர் பயந்து வேறு பூலுக்கு மாறினார்கள், 40 சதவீதத்தைத் தாண்ட மாட்டோம் என்று அந்த நிறுவனமும் சொன்னது. பூலின் பலம் பூலுக்குச் சொந்தமில்லை என்பதுதான் அன்று காப்பாற்றியது. இப்போதும் ஃபவுண்ட்ரி, ஆன்ட்பூல் என்ற இரண்டு பூல்கள் சேர்ந்தால் பாதியை ஒட்டி வந்துவிடுகின்றன. நல்ல நிலைமை என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை பலத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு சதோஷியின் 2008 கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது. ஏமாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டுமென்றால், எதிராளியிடம் 10 சதவீத பலம் இருக்கும்போது பணம் வாங்குகிறவர் 5 பிளாக் காத்திருந்தால் போதும். 30 சதவீதம் என்றால் 24 பிளாக், அதாவது நான்கு மணி நேரம். 45 சதவீதம் என்றால் 340 பிளாக், இரண்டு நாளுக்கும் மேல். பாதியைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதில் சின்ன நாணயங்களின் கதைதான் மோசம். பெரிய நாணயத்துக்கு ஓடும் அதே வகை மிஷினிலேயே சின்னதும் ஓடுமென்றால், கணினி பலத்தைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தே பாதியைத் தாண்டிவிடலாம். நடந்தும் இருக்கிறது. பிட்காயின் கோல்டு என்ற வேறொரு சின்ன நாணயம் 2018 மே மாதத்தில் அடி வாங்கியது, சுமார் 1.8 கோடி டாலர் போனது. இத்தீரியம் கிளாசிக் 2019 ஜனவரியில் ஒரு தடவை, 2020 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் மூன்று தடவை. 2019-ல் அடித்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு லட்சம் டாலரை அவரே திருப்பி அனுப்பினார். மனசாட்சியா, வேடிக்கையா, தெரியாது. 2025 ஆகஸ்டில் மொனேரோ என்ற நாணயத்தில் கியூபிக் என்ற குழு பாதியைப் பிடித்துவிட்டோம் என்று அறிவித்தது. அவர்கள் பெயரைச் சொல்லியே வந்தார்கள், ஆனாலும் விலை இறங்கியது.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். சின்ன நாணயத்தின் பெயரைக் கேள்வியிலிருந்து நானே எடுத்துவிட்டேன். மருமகன் சொன்ன செய்தி அதைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். இப்படி ஆகும்போது எக்ஸ்சேஞ்சுகள் அந்த நாணயத்தின் டெபாசிட்டையும் வித்ட்ராவலையும் நிறுத்திவைக்கும், சில சமயம் பட்டியலிலிருந்தே தூக்கிவிடும். இன்னும் விற்க முடிகிறதென்றால் விற்றுவிடுங்கள். வாங்கிய விலைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ரூ.52,000 நஷ்டத்தை பிட்காயின் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், அது நடக்காது. நம் வரிச் சட்டத்தில் ஒரு கிரிப்டோவின் நஷ்டத்தை இன்னொரு கிரிப்டோவின் லாபத்தோடு நேர் செய்ய முடியாது, பட்டறை வருமானத்தோடும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. லாபத்துக்கோ முதல் ரூபாயிலிருந்து 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க விட மாட்டார்கள்.

பிட்காயினை மைனர் பயத்துக்காக விற்க வேண்டாம். ஆனால் பாதியை விற்கச் சொல்வேன், நகைக்கடனுக்காக. வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிய பிறகு பட்டறைக்காரர்களுக்குக் கையில் ரொக்கம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகைக்கு வட்டி ஓட விட்டு, ஏறுமா இறங்குமா தெரியாத ஒன்றில் நாலு லட்சத்தைப் போட்டு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதி விற்றால் ரூ.2,05,000 வரும். அதன் வாங்கிய விலை ரூ.1,20,000, லாபம் ரூ.85,000, வரியும் செஸ்ஸும் ரூ.26,520. விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் ரூ.2,050 அந்த வரிக்குள் அடங்கிவிடும். மீதி ரூ.1,78,480. நகையை வட்டியோடு மீட்டுவிடலாம். மீதி வரியை அடுத்த அட்வான்ஸ் டாக்ஸ் தவணையிலேயே கட்டச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள், கணக்குத் தாக்கலில் கிரிப்டோவுக்கென்று இருக்கும் தனி அட்டவணையையும் நிரப்ப வேண்டும்.

மிச்சமிருக்கும் பாதி ஆப்பிலேயே கிடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆப்பில் இருக்கும்வரை சாவி உங்களிடம் இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனது, எந்த மைனரும் பலம் காட்டவில்லை. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் காப்பீடு இதற்குக் கிடையாது. சாவியை உங்கள் கையிலேயே வைத்திருக்க உதவும் சின்னக் கருவியான வன்பொருள் வாலட் ஒன்று வாங்கி அதற்கு மாற்றுங்கள். அது தரும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி, நகை, பத்திரங்களோடு வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும், மருமகனுக்கு வேண்டாம்.

இனி ஏற்காட்டு மிஷின். மலையில் குளிர் இருப்பதால் மிஷின் சூடாகாது, செலவு மிச்சம் என்று சொல்லியிருப்பார்களே! குளிர் கரண்ட் பில்லைக் கட்டாது. 3,250 வாட் இழுக்கும், 110 டெராஹாஷ் வேகமுள்ள ஒரு மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் ஓடினால் நாளைக்கு 78 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ரூ.624. உலகம் முழுவதும் ஒரு நாளில் வரும் புது பிட்காயின் சுமார் 450. மொத்த பலம் 1,000 எக்ஸாஹாஷ், அதாவது 100 கோடி டெராஹாஷ் என்று கொண்டால், அந்த 450-ல் இந்த மிஷினின் பங்கு 0.00005 பிட்காயினைக்கூடத் தொடாது. ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் நாளைக்கு ரூ.495. மிஷின் விலையைச் சேர்க்காமலேயே தினமும் 129 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இதில் காற்று மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தத் தொழிலில் உங்களுக்கு மாதம் ரூ.16,000 எங்கிருந்து கொடுப்பார்கள்? அடுத்து வருகிறவரின் 2 லட்சத்திலிருந்துதான் கொடுக்க முடியும். அப்புறம், முகமே தெரியாத ஒருவரோடு இவர்கள் எந்தப் பத்திரத்தில், யார் கையெழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள்? அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அதைக் கேட்கும்போதே ரூ.20,000-ஐயும் திருப்பிக் கேட்டுவிடுங்கள். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதில் பதிவாக இருக்கும். பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் கொடுத்த நோட்டீஸ், 8 சதவீதம் என்று எழுதிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் இழுத்தடித்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் இன்றைக்கே போன் செய்யலாம். “இன்னொரு ஆளைச் சேர்த்துவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்கும்” என்று சொன்னால் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், புகாரில் உங்கள் பெயரும் சேர்ந்துவிடும்.