பட்டறைப் பதில்கள்: விலை குறைந்த ஸ்ட்ரட் போடலாமா?

கேள்வி: 2013-இல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கம் ‘லொடக் லொடக்’ என்கிறது. நான்கு சக்கரத்துக்கும் ஸ்ட்ரட் மாற்ற 19,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: குலுங்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரே ஸ்பிரிங்கையும் தாங்கி நின்றால் அதுதான் ஸ்ட்ரட். உங்கள் காரில் ஸ்ட்ரட் இரண்டுதான், இரண்டும் முன்பக்கம். பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. அதை மாற்றுவது சுலபம், கூலியும் குறைவு. நான்குக்கும் ஒரே கூலி போட்டிருக்கிறார்களா என்று எஸ்டிமேட்டை ஒருமுறை பாருங்கள்.

அந்த ‘லொடக்’ எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மெதுவாகப் போகும்போது சிறு பள்ளத்தில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் லிங்க் ராடிலிருந்து வரும். விரல் தடிமனில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் பந்து மூட்டு. ஸ்ட்ரட் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. ஸ்ட்ரட் போயிருந்தால் அடையாளம் வேறு. வேகத்தடை தாண்டிய பிறகும் கார் தொட்டில்போல் ஆடும். டயரின் மேல் உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படும். ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பிச் சேறு பூசியதுபோல் இருக்கும். லேசான ஈரம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம்.

உண்மையிலேயே போய்விட்டது என்றால், மாருதியின் பெட்டியில் வருவதையோ கேப்ரியலையோ தாராளமாக வாங்குங்கள். கேப்ரியல் 1961-இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. ஓசூரில்கூடத் தொழிற்சாலை உண்டு. பெயரே இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். கடையில் சேசிஸ் எண்ணைக் காட்டி, இடது வலது பார்த்து வாங்குங்கள்.

ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் மேலே இருக்கும் மவுண்ட்; ஸ்ட்ரட்டின் தலையைக் காரின் உடலோடு பிடித்து நிற்கும் ரப்பர் பாகம் அது. பட்டறை தொடங்கிய புதிதில் ஓர் ஆசிரியரின் ஆல்ட்டோ வந்தது. கையில் பணம் இல்லை என்றார். புது ஸ்ட்ரட் போட்டு, பழைய மவுண்டையே துடைத்து மேலே வைத்தேன். ரப்பரில் வெடிப்பு இருந்ததைப் பார்த்தேன்; ஆறு மாதம் ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழாம் நாள் வந்து நின்றார். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் ‘டொங்’ என்று ஸ்பிரிங் எகிறியது. முழுவதையும் மறுபடி இறக்கினேன். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. மவுண்ட், அதன் பேரிங், அடி தாங்கும் பம்ப் ஸ்டாப், தண்டைப் புழுதியிலிருந்து மூடும் டஸ்ட் கவர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் உடையாமலும் தொங்காமலும் இருந்தால் பழையதே போதும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டில் கை வைக்கிறார்கள் என்றால் உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்; அந்த ஸ்பிரிங் விடுபட்டால் தாடை பெயர்ந்துவிடும். நட்டை முடுக்கும்போது ஸ்ட்ரட்டின் நடுத்தண்டும் சேர்ந்து சுற்றும். அவசரக்காரர்கள் அதைப் பிளேயரால் கவ்வுவார்கள். பளபளவென்ற அந்தத் தண்டில் விழுந்த கீறல், மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும், எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ‘சீல்’ ரப்பரை அறுக்கும். புது ஸ்ட்ரட் சீக்கிரமே ஒழுகினால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் தண்டில் பல் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடிப்பக்கத்து இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: இடது பக்க ஸ்ட்ரட் மட்டும் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றலாமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் தளர்வு என்றால் திடீர் பிரேக்கில் கார் ஒரு பக்கமாக அலைக்கழியும். முன் இரண்டையும் மாற்றுங்கள். பின்பக்கம் நன்றாக இருந்தால் இப்போது தொட வேண்டாம்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் நானே அங்கே போய்ப் பேரம் பேசுவேன். ஸ்ட்ரட் வேண்டாம். துளை போட்டு எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்தால் அதுவும் புதிதுபோலத்தான் இருக்கும்.