வால்வு ஜாக்கெட் தைக்க '550 டிகிரி தாங்கும்' கோட்டிங் துணி வாங்கலாமா?

ஸ்டீம் லைனிலும் தெர்மிக் ஃப்ளூயிட் (சூடான எண்ணெய்) லைனிலும் இருக்கும் வால்வுகளைச் சூடு வெளியே போகாமல் போர்த்த, கழற்றி மாட்டுகிற ஜாக்கெட் தைக்கப் போகிறீர்கள். சிலிக்கோன் கோட்டிங் போட்ட கண்ணாடி இழைத் துணி 550 டிகிரி தாங்கும் என்று கடைக்காரர் சொல்கிறார், நம்பலாமா என்பது உங்கள் கேள்வி.

பெருந்துறைப் பக்கம் துணிக்குச் சாயம் போட்டுப் பதப்படுத்தும் ஒரு ப்ராசஸிங் மில்லில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியோடு நானும் கடை ஏறியவன்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்வது வெறும் துணியின் கணக்கு. மேலே பூசிய சிலிக்கோன் விடாமல் தாங்குவது சுமார் 260 டிகிரிதான். அதைத் தாண்டினால் நாளடைவில் வெளுத்து, மாவாக உதிரும். பாலியூரித்தேன் பூசியது இன்னும் மோசம், 150, 180 டிகிரியிலேயே பூச்சு கருக ஆரம்பித்துவிடும். இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் வரும், விலைதான் வேறு.

அப்படியானால் வாங்கக் கூடாதா? வாங்கலாம். துணி ஜாக்கெட்டில் எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துணி சூட்டைத் தடுக்காது. தடுப்பது உள்ளே அடைக்கிற கண்ணாடி இழை மெத்தையும் ராக்வுல்லும் (பாறையை உருக்கி எடுத்த இழை), அதாவது அவற்றுக்குள் சிக்கியிருக்கும் காற்று. கோட்டிங்கின் வேலை தண்ணீரும் எண்ணெயும் அந்த மெத்தைக்குள் இறங்காமல் பார்ப்பது. மெத்தை நனைந்துவிட்டால் இன்சுலேஷன் போச்சு, அடியில் குழாயும் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும்.

ஜாக்கெட்டின் வெளிப்பக்கம் 60 டிகிரிக்குள் இருக்கும்படிதான் கனம் கணக்குப் போடுவோம். அங்கே சிலிக்கோன் பல வருஷம் உழைக்கும். 10 பார் ஸ்டீம் என்றால் 184 டிகிரி, உள்பக்கத்துக்கும் அதே துணி போதும். ஸ்டென்டருக்கு (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) போகும் தெர்மிக் லைன் 250, 260 டிகிரியில் ஓடும். அங்கே உள்பக்கத்துக்குச் சிலிக்கோன் வேண்டாம். கோட்டிங் இல்லாத துணியோ வெர்மிகுலைட் பூசிய துணியோ போடுங்கள். வெர்மிகுலைட் ஒரு கனிமம், கருக அதில் ஒன்றும் கிடையாது. டெஃப்ளான் பூசியதும் 260-தான், ஆசிட், காரம் தெறிக்கும் இடமானால் மட்டும் அந்த விலை கொடுக்கலாம்.

தெர்மிக் லைன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் ஒரு வால்வின் கிளாண்ட் பேக்கிங்கில், அதாவது வால்வைத் திருகும் தண்டான ஸ்டெம் வெளியே வரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் திணிப்பில், லேசான கசிவு இருந்திருக்கிறது. ஜாக்கெட் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக எண்ணெய் ராக்வுல்லில் ஊறி, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. இழைகள் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவினால் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும், அந்தச் சூடு வெளியே போகவும் வழியில்லை. அதனால் எண்ணெய் சாதாரணமாகத் தானே பற்றும் வெப்பநிலைக்குக் கீழேயே தீப்பிடிக்கலாம். ஃபிட்டர் ஒருவர் புகை நாற்றம் அடிக்கிறதே என்று ஜாக்கெட்டைத் திறந்தார். காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. எக்ஸ்டிங்குஷர் பக்கத்தில் இருந்ததால் புருவம் கருகியதோடு தப்பித்தார். அதற்கப்புறம் தெர்மிக் வால்வுகளின் கிளாண்ட் பகுதியை நாங்கள் மூடுவதே இல்லை. ஸ்டெம் பக்கவாட்டில் இருக்கும்படி வால்வைத் திருப்பிப் போட்டோம், கசிந்தால் தரையில் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் சூடு வீணாகிறது, போகட்டும். நீங்களும் ஸ்டீம் வால்வுக்கு முழு ஜாக்கெட், தெர்மிக்குக்கு கிளாண்டை விட்டுவிட்டு என்று இரண்டு அளவாகத் தையுங்கள்.

அடுத்தது நூல். முதல் தடவை துணிக்கு அவ்வளவு யோசித்துவிட்டு, தைக்கத் தார்ப்பாய் தைக்கிற அண்ணனிடம் கொடுத்தோம். அவர் பாலியஸ்டர் நூலில் அழகாகத் தைத்துக் கொடுத்தார். அது 250 டிகிரிவாக்கில் உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே வலுவை இழந்துவிடும். மூன்று மாதத்தில் துணி புதுசு மாதிரி இருக்க, தையல் மட்டும் வாயைப் பிளந்தது. டெஃப்ளான் பூசிய கண்ணாடி நூலோ, உள்ளே ஸ்டீல் கம்பி ஓடும் நூலோ கேட்டு வாங்குங்கள்.

கடையில் ஒரு சாண் துண்டு கேளுங்கள். 10-க்கு 10 சென்டிமீட்டர் வெட்டி நகைக்கடைத் தராசில் போட்டு, வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. சீட்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பார்க்கலாம். ஓரத்தில் லைட்டரைக் காட்டினால் சிலிக்கோன் வெள்ளைச் சாம்பலாக நிற்கும், பாலியூரித்தேன் கறுத்துப் புகைந்து நாறும். டெஃப்ளானை மட்டும் எரித்துப் பார்க்காதீர்கள், அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வந்தது போல ஆகிவிடும்.

புது ஜாக்கெட் முதல் நாள் சூடேறும்போது கொஞ்சம் புகையும். இழையில் நெய்வதற்காகத் தடவிய பசை எரிவதுதான் அது, பயப்பட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெட்டித் தைக்கிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கொடுங்கள். அரித்தால் சொறியாமல் பச்சைத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்து நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.