2016 பொமெரோல் கெட்டுவிட்டதா?

2016 பொமெரோல் (பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்) நாக்கை வறட்டுகிறது, பழ வாசனையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வினிகர் நெடியோ இல்லையென்றால் பெரும்பாலும் கெட்டிருக்காது. இதன் முக்கியத் திராட்சையான மெர்லோ என்றாலே மென்மை என்பார்கள்; பொமெரோலின் களிமண்ணில் விளைவதில் டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) கெட்டியாகவே இருக்கும்.

அடுத்த பாட்டிலை அகன்ற ஜாடியில் ஊற்றி 2 மணி நேரம் விடுங்கள். குடிக்கும்போது 16–18 டிகிரி செல்சியஸ் போதும், அதற்கு மேல் போனால் ஆல்கஹால்தான் முந்தும். கிளாஸை வெள்ளைத்தாள் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள்: ஊதா கலந்திருந்தால் இளசு, செங்கல் நிறம் என்றால் முதிர்ச்சி. அப்புறம் முக்கியமானது, விழுங்கியபின் என்ன மிஞ்சுகிறது என்பது. துவர்ப்புக்கு அடியில் பிளம் பழமும் கோகோவும் நெடுநேரம் நின்றால் தாராளமாக இன்னும் சில வருடம் வைக்கலாம். வெறும் துவர்ப்பு மட்டும் என்றால் காத்திருக்காதீர்கள், போன பழச்சுவை திரும்பாது.